மைக்செட்காரி சுவித்தியின் இடம்

ஜாவாவை அடுத்த தீவில், தெகல் லுவா பஞ்சார் என்ற சிற்றூரில் வாத்தியத்தை யாரும் தாண்ட மாட்டார்கள். ஊர்க் கூடத்தில் கமலான் என்ற வெண்கல வாத்தியக் கூட்டத்தைப் பரப்பி வைத்திருந்தால், நடக்கக் கற்ற குழந்தைகூட வெண்கலப் பட்டை வரிசைக்கு மேலோ, கோங் என்ற பெரிய வெண்கல வட்டத்துக்கு மேலோ கால் தூக்காது. இரண்டு பையன்கள் சண்டை போட்டுத் துரத்திக்கொண்டு ஓடி வந்தாலும், வாத்தியத்துக்கு முன்னால் சட்டென்று நின்று, மரியாதையாகச் சுற்றிப் போய், அந்தப் பக்கம் சேர்ந்த பிறகு சண்டையைத் தொடர்வார்கள். வாத்தியத்துக்குள் உயிர் இருக்கிறது, அது நம் காலுக்குக் கீழே வரக் கூடாது என்பது அங்கே பேச்சுக்கே இடமில்லாத விஷயம்.

அதே கூடத்தில், அதே வாத்தியங்களுக்கு நடுவே ஓடும் சுவித்தியின் ஒயர்களை எல்லாரும் தாண்டுவார்கள். ஸ்பீக்கர் பெட்டி மேல் காப்பி டம்ளரை வைப்பார்கள். கிராம்பு சிகரெட்டின் சாம்பலை அதன் விளிம்பில் தட்டுவார்கள்.

"பார்த்துப் போங்கண்ணே, ஒயர் பிடுங்கிக்கும்" என்பாள் அவள்.

"ஒயர்தானே சுவித்தி, கோங்கா என்ன?" என்று சிரித்துக்கொண்டே தாண்டுவார்கள்.

மந்திரம் ஓதும் புரோகிதருக்கு மைக், வயதுக்கு வந்தவர்களுக்குப் பல் ராவும் சடங்குக்கு மைக், கல்யாணத்துக்கு நான்கு ஸ்பீக்கர், ஊர்க்கூட்டத்துக்கு இரண்டு. சுற்றுவட்டாரத்தில் மைக்செட் என்றால் சுவித்திதான். நாற்பது வயது. குட்டையான, இறுக்கமான உடம்பு. ஸ்பீக்கரைத் தோளில் தூக்கி வைத்தால் இறக்கிவிட ஆள் தேடாதவள். அந்தத் தீவுக்கு வெளியே, ஒசாகாவிலும் லிஸ்பனிலும், காதில் ஹெட்போனை மாட்டி அவள் செய்த இசையைக் கேட்டுக்கொண்டு கண் மூடிக் கிடக்கும் சில ஆயிரம் பேருக்கு அவள் பெயர் தெரியும். அவள் வீட்டுக்கு எதிரே இருந்த காப்பிக்கடைக்காரருக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் கடனுக்குக் காப்பி தந்திருக்க மாட்டார்.

சுவித்தி பிறந்த வீட்டின் பன்றித் தொழுவமும் ஊர்க் கூடமும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. ஒத்திகை நடக்கும் மாலைகளில் அவள் பன்றிகளுக்குத் தவிடு கலக்கியபடி சுவருக்கு அந்தப் பக்கத்தைக் கேட்டு வளர்ந்தாள். கமலானில் ஒவ்வொரு வாத்தியமும் ஜோடியாகத்தான் இருக்கும். ஜோடியில் ஒன்று இம்மி ஏறிய சுருதி, மற்றது இம்மி இறங்கிய சுருதி. இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல் ஒலித்தால் ஒலி செத்துவிடும். அந்த இம்மி வித்தியாசத்தில்தான் நடுவே ஓர் அலை எழுந்து துடிக்கும். ஊருக்கு ஊர் அலையின் வேகம் வேறு. எந்த ஊர் வாத்தியம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். ஒத்துப்போகாத இரண்டு குரல் சேர்ந்தால்தான் உயிர் என்பதை அந்தத் தொழுவத்தில் நின்றபோதே அவள் தெரிந்துகொண்டாள். அதற்குள் ஆவி ஏதும் இருப்பதாக அவள் நம்பவில்லை. செம்பும் தகரமும் சேர்ந்த உலோகம், அதைத் தட்டினால் காற்றில் இரண்டு அதிர்வு. அதுவே அவளுக்குப் போதுமான அதிசயமாக இருந்தது.

பெண் பிள்ளைகளுக்கு ஆட்டம் கற்றுத்தந்தார்கள், வாத்தியம் தரவில்லை. இடையில் கொஞ்ச காலம் பெண்கள் குழு ஒன்று இருந்தது. பெண்கள் தினத்துக்கும் மேலிடத்து ஆட்கள் வருகைக்கும் என்று ஏற்பாடு. சுவித்தி அதில் பெரிய மத்தளம் வாசித்தாள். வந்தவர்கள் கைதட்டிவிட்டுக் கார் ஏறிப் போன மறுநாள் கூடத்துக்குப் பூட்டு விழுந்தது. வேடிக்கை என்னவென்றால், இரண்டு மத்தளங்களில் பெரியதற்கு, மொத்தக் கூட்டத்தையும் நடத்திச் செல்வதற்கு, பெண் மத்தளம் என்றுதான் பெயர். தொங்கும் இரண்டு பெரிய கோங்குகளில் ஆழ்ந்த குரல் உள்ளது பெண் கோங். வெண்கலத்துக்குப் பெண் பெயர் வைக்கத் தெரிந்த ஊருக்கு, அதன் முன்னால் ஒரு பெண்ணை உட்கார வைக்க மட்டும் கை வரவில்லை.

கல்யாணமாகித் தபனான் பக்கம் போனாள். ஏழு வருஷத்தில் திரும்பி வந்தாள். திரும்பி வந்தவளுக்குப் புருஷன் வீட்டிலிருந்து ஒரு பழைய லேப்டாப் கிடைத்தது, பிறந்த வீட்டில் தொழுவத்தை ஒட்டிய பின்னறை கிடைத்தது, பஞ்சாரில் எதுவும் கிடைக்கவில்லை. பஞ்சார் என்றால் ஊர்ச் சபையும்தான்; அதில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தால்தான் ஓர் உறுப்பினர். தனிப் பெண்ணுக்குக் கூட்டத்தில் பேச்சு கிடையாது. காணிக்கைக்குத் தென்னங்குருத்து பின்னும் வேலை மட்டும் குறையாமல் உண்டு. அதே ஊரில் பெண்டாட்டியை அடித்துத் துரத்திய ஒருத்தன் முதல் வரிசையில் உட்கார்ந்து ஊர் ஒழுக்கம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.

பின்னறையில் அவள் மைக்கைச் சுவருக்கு மேல் நீட்டிப் பெண் கோங்கின் ஒலியைப் பதிவு செய்தாள். பல வருஷம், பல நூறு அடிகள். ஓர் அடியை எடுத்து, அதன் நகலை இம்மி இறக்கி, இரண்டையும் சேர்த்து, மெதுவாக்கி நீட்டினாள். கோங்கின் ஒரு மூச்சு அரைமணி நேரம் நீளும். தாளம் இல்லை, பாட்டு இல்லை. கடல் இரவில் தூரத்தில் புரள்வது போல ஒன்று வரும், போகும். அதைத்தான் ஒசாகாக்காரர்கள் கண் மூடிக் கேட்டார்கள்.

அவள் அண்ணி சரிந்தி முதல்தடவை கேட்டுவிட்டுச் சொன்னாள்: "நல்லாத்தான்டி இருக்கு. பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?"

"இதான் அண்ணி பாட்டு."

"அடிப்பாவி. நான் அடுப்புல சோத்த வச்சிட்டு வந்தேன்."

ஆனால் சரிந்திதான் வாத்திய நாளன்று அவள் பெட்டிகளுக்கும் பூந்தட்டு வைத்தாள். அது ஊருக்குப் பிடிக்கவில்லை. இரும்புக்கென்று ஒரு பூசை நாள், வாத்தியத்துக்கென்று ஒரு பூசை நாள், இரண்டும் வேறு வேறு. இரும்பு நாளில் மோட்டார் சைக்கிளுக்கும் அரிவாளுக்கும் கணினிக்கும் பூ வைப்பார்கள். "உன் பெட்டி இரும்பு நாள் சாமான். அதைக் கொண்டாந்து கோங்கோட சேக்காத" என்று வாத்தியக் குழுத் தலைவர் முந்த்ரா வீட்டு வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்.

பூந்தட்டு வைக்கிறார்களா இல்லையா என்பது பற்றிச் சுவித்திக்குக் கவலையில்லை. ஆனால் தன் பெட்டியை வாத்தியமாக எண்ணும் நாளா, இரும்பென்று ஒதுக்கும் நாளா என்பதில் இருந்தது.

முந்த்ரா கல் செதுக்கும் பட்டறை வைத்திருந்தார். உரத்த குரல், நேர்மையான கை, பிடிவாதம். அப்பா வழியில் சுவித்திக்கு அண்ணன் முறை. அந்த வருஷம் மாவட்டப் போட்டிக்குக் குழு ஒரு புதுப் பாட்டைத் தயார் செய்தபோது, சுவித்தி ஒத்திகை இடைவேளையில் போய்க் கேட்டாள்.

"முந்த்ரா அண்ணே, இந்தப் பாட்டு ஆரம்பத்துலயும் முடிவுலயும் நானும் உட்கார்ந்து வாசிக்கிறேன். என் பெட்டிய வச்சு. கோங்கோட அலைய அப்படியே நீட்டித் தர்றேன். குழுவுல ஓர் ஆளா எனக்கும் இடம் குடுங்க."

முந்த்ரா காப்பியை உறிஞ்சியபடி சுற்றி இருந்தவர்களைப் பார்த்தார். எல்லாரும் சிரிக்கத் தயாராக இருந்தார்கள்.

"நீ வாசிக்கறதுன்னா என்னம்மா, பொத்தான அமுக்கறதா? கரண்டு போச்சுன்னா உன் வாத்தியம் செத்துப்போகும்."

"மழையில நனைஞ்சா உங்க மத்தளமும்தான் செத்துப்போகும்."

பெண் கோங்கை இருபது வருஷத்துக்கு மேல் அடித்துவந்த கெரெப் பெரியப்பா மட்டும் வாய்விட்டுச் சிரித்தார். முந்த்ரா சிரிக்கவில்லை.

"மைக்செட்டுக்கு ஆள் வேணும், அதுக்கு நீ இருக்க. போதும் சுவித்தி."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. கோபத்தில் அல்ல. இடம் என்பது கெஞ்சி வாங்கினால் கொடுத்தவர் நினைத்தபோதெல்லாம் பிடுங்கப்படும் என்று அவளுக்குத் தெரியும். தபனானில் கற்ற பாடம் அது.

போட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது பெண் கோங் உடைந்தது.

கடற்கரைக் கோயில் ஒன்றில் வாசித்துவிட்டு லாரியில் திரும்பி வந்திருந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, எல்லாருக்கும் பசி. சோற்றுப் பொட்டலங்கள் லாரியின் உள்மூலையில் இருந்தன. அவற்றுக்கும் பின்கதவுக்கும் நடுவே, சாக்கு விரித்த தரையில் பெண் கோங் படுத்திருந்தது. வேறு எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் ஓர் எட்டு எடுத்து வைத்துப் பொட்டலத்தை எடுத்திருப்பான். இவர்கள் தாண்ட மாட்டார்கள். நான்கு பேர் சேர்ந்து, மன்னிப்புக் கேட்டு, கோங்கைப் பக்குவமாகத் தூக்கிப் பின்கதவின் மேல் சாய்த்து நிறுத்தினார்கள். வழி கிடைத்தது. ஒருவன் உள்ளே போனான். கீழே நின்றிருந்த லாரிக்காரன் தஞ்சுங், பசியோடு உதவிக்கு வந்து, பின்கதவின் கொக்கியை எடுத்துவிட்டான்.

சுவித்தி அப்போது தொழுவத்தில் இருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் கோங் சரிந்து சிமெண்டுத் தரையில் விழுந்த ஒலியை அவளும் கேட்டாள். அதில் அலை இல்லை. தட்டு உடைவது போன்ற ஒரு மொட்டைச் சத்தம். தவிட்டுக் கையோடு ஓடினாள்.

விளிம்பிலிருந்து நடுக் குமிழ் வரைக்கும் விரிசல் ஓடியிருந்தது. கெரெப் பெரியப்பா அதன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குழந்தையின் காய்ச்சலைப் பார்ப்பது போல அதன் மேல் உள்ளங்கையை வைத்திருந்தார். தஞ்சுங் அழுதுகொண்டிருந்தான். சோற்றுப் பொட்டலத்தை எடுத்தவன் அதை என்ன செய்வதென்று தெரியாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான்.

"தாண்டியிருந்தா உடைஞ்சிருக்காது" என்றாள் சுவித்தி. வாயில் வந்துவிட்டது.

"வாய மூடு" என்றார் முந்த்ரா. அவர் கண்ணும் நனைந்திருந்தது.

புதுக் கோங் ஜாவாவில் வார்த்துக் கடல் தாண்டி வர மாதங்கள் ஆகும். வாத்தியம் பழுது பார்க்கும் பட்டறைக்காரர் வந்து பார்த்து, விரிசலை ஒட்டினாலும் குரல் வராது என்று சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் முந்த்ராவும் இன்னும் இரண்டு பேரும் கெரெப் பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு சுவித்தியின் பின்னறைக்கு வந்தார்கள். உட்கார நாற்காலி போதவில்லை. இரண்டு பேர் ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்தார்கள். சுவருக்குக் கீழே பன்றி உறுமியது.

முந்த்ரா சுற்றி வளைத்தார். வீட்டில் எல்லாரும் சுகமா, மழை எப்போது வரும். சரிந்தி காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் கதவில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

"உன் பெட்டில நம்ம கோங் இருக்குன்னு சொன்னாங்க" என்றார் முந்த்ரா கடைசியில்.

"கோங் இல்லண்ணே. கோங்கோட குரல் இருக்கு."

"அது போதும். நீ திரைக்குப் பின்னாடி உட்கார்ந்துக்க. கெரெப் முன்னாடி உடைஞ்ச கோங்க மெதுவாத் தொடுவாரு. அந்த நேரத்துக்கு நீ அமுக்கு. யாருக்கும் தெரியாது."

சுவித்தி காப்பியைக் கீழே வைத்தாள்.

"எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியும். உங்க எல்லாருக்கும் தெரியும். அப்புறம் யாருக்குத் தெரியாது, சாமிக்கா?"

"பேச்சுக்குப் பேச்சு மடக்காத. ஊர் மானம் இது."

"ஊர் மானம்னா பொய் சொல்லி ஏன் காப்பாத்தணும்? நான் முன்னாடி உட்கார்றேன். மத்தவங்க போடற அதே சட்டை. அதே தரை, அதே வரிசை. பேர் சொல்லும்போது என் பேரையும் சொல்லணும்."

"நடுவர்கள் என்ன சொல்லுவாங்க?"

"மின்சார வாத்தியம், பொம்பளை, ரெண்டும் தப்புன்னு மார்க்கக் குறைப்பாங்க. திரைக்குப் பின்னாடி ஆள் இருந்ததக் கண்டுபிடிச்சா ஊரையே காறித் துப்புவாங்க. எது பரவாயில்ல?"

ஸ்பீக்கர் மேல் உட்கார்ந்திருந்த ஒருத்தர் நிலைமையை இலேசாக்க நினைத்தார். "உடைஞ்சது பெண் கோங்குதானே தலைவரே. பொம்பளையே உட்காரட்டுமே, பொருத்தம்தானே."

"அதுக்காக ஒண்ணும் வரலண்ணே" என்றாள் சுவித்தி. "ஆண் கோங் உடைஞ்சிருந்தாலும் இதையேதான் கேட்டிருப்பேன். அந்தக் குரல எனக்குத் தெரியும், அதான் விஷயம்."

முந்த்ரா பெருமூச்சு விட்டார். "சரி, ஒரு நாளைக்கு..."

"ஒரு நாளைக்குன்னா வேணாம். அவசரத்துக்குக் கூப்பிட்டு அப்புறம் ஒயரச் சுருட்டுன்னு சொல்றதுக்கு நான் மைக்செட்டாவே இருந்துக்கிறேன். உட்கார்ந்தா உட்கார்ந்ததுதான். புதுக் கோங் வந்த பிறகும்."

முந்த்ரா எழுந்தார். காப்பி அப்படியே இருந்தது. "திமிரு புடிச்ச பொண்ணு" என்று கதவைத் தாண்டும்போது சொன்னார்.

"எங்க வீட்டுப் பொண்ணு" என்றாள் சரிந்தி, பின்னாலிருந்து.

மறுநாள் முந்த்ரா காவான் பஞ்சாருக்குப் போனார். தலைமுறை தலைமுறையாகப் போட்டி போடும் பக்கத்து ஊர். அங்கே போய் நிற்பதே அவருக்கு எவ்வளவு பாரமாக இருந்திருக்கும் என்பது ஊருக்குத் தெரியும். அவர்கள் மறுக்கவில்லை. கோங் இல்லாதவனைத் தோற்கடிப்பதில் என்ன பெருமை என்று சிரித்தபடி, தங்களிடம் கூடுதலாக இருந்த பழைய கோங் ஒன்றைக் கொடுத்தார்கள்.

அன்று மாலை ஒத்திகை. சுவித்தி ஒயரை மாட்டிவிட்டு ஓரமாக நின்றாள். கெரெப் பெரியப்பா காவான் கோங்கை அடித்தார். நல்ல கோங், குறை சொல்ல முடியாது. ஆனால் அதன் மூச்சு வேகமானது. தெகல் லுவாவின் பெண் கோங் நன்றாகத் தூங்குகிறவரின் மூச்சைப் போல மெதுவாக ஏறி இறங்கும். இது மேட்டில் ஏறி வந்தவர் மூச்சைப் போல இறைத்தது. அந்த மெதுவான அலையின் மேல்தான் இருபத்துச் சொச்சம் பேரும் தங்கள் தாளத்தை வைத்துப் பழகியிருந்தார்கள். பட்டை வாசிப்பவர்கள் முந்தினார்கள். மத்தளம் இழுத்துப் பிடித்தது. மூன்றாம் சுற்றில் பாட்டு ஓடுகிற வண்டியிலிருந்து மூட்டை உருள்வது போல உருண்டு நின்றது. திரும்ப ஆரம்பித்தார்கள். திரும்பவும் உருண்டது.

கெரெப் பெரியப்பா துணி சுற்றிய கட்டையைத் தரையில் வைத்தார்.

"முந்த்ரா. நான் ஊரான் கோங்க வச்சுத் தடுமாறவும் மாட்டேன், செத்த கோங்கத் தொட்டு நடிக்கவும் மாட்டேன். எனக்கு ஆண் கோங் இருக்கு, அத அடிக்கிறேன். பெண் கோங் அடிக்கிறவ அந்தா ஒயரப் புடிச்சிக்கிட்டு நிக்கிறா, அவளக் கூப்பிடு."

தொழுவத்துப் பன்றி எதையோ முட்டிக்கொண்டிருந்தது. முந்த்ரா பெரிய மத்தளத்தின் மேல் இரண்டு கையையும் ஊன்றி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் தூக்காமல் சொன்னார்:

"வா. உட்காரு."

சுவித்தி நகரவில்லை. "ஒரு நாளைக்காண்ணே?"

"உட்காருன்னா உட்காரு! கோங்கப் பாத்து எத்தன நாளைக்குன்னு எவனாவது கேப்பானா?"

அவள் போய் உட்கார்ந்தாள்.

கோங்குகள் தொங்கும் மரச்சட்டத்தில் ஒரு பக்கம் ஆண் கோங் தொங்கியது. மறுபக்கம் வெறுமை. அந்த வெறுமைக்குப் பின்னால் தன்னிடம் இருந்ததிலேயே பெரிய ஸ்பீக்கரை நிறுத்தினாள். முன்னால், கை எட்டும் உயரத்தில், அடித்தால் லேப்டாப்புக்குச் செய்தி சொல்லும் ரப்பர் தட்டு ஒன்று. கெரெப் பெரியப்பா தன் கட்டையை எடுத்து அவளிடம் நீட்டினார். அதன் பிடி அவர் கை அளவுக்குத் தேய்ந்திருந்தது.

அடித்தாள்.

கூடத்தில் பெண் கோங் ஒலித்தது. மெதுவாக ஏறி, இறங்கி, ஏறியது. மூன்றாவது அலையில், எங்கோ தூரத்தில், ஒரு சேவல் கூவியது.

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சிரிப்பு வெடித்தது. சுவித்தி காதுவரை சிவந்துபோய், "சுவருக்கு மேல மைக்க நீட்டிப் புடிச்சது... எடுத்துடறேன், எடுத்துடலாம்" என்றாள்.

"எடுக்காத!" கெரெப் பெரியப்பா கத்தினார். "அது என் அடி. அந்தச் சேவல் என் சேவல். போன திருவிழாவுக்கு முந்தின திருவிழாவுல குழம்புல போட்டோம். எடுக்காத, இருக்கட்டும்."

போட்டிக்கு அவள் அதை எடுத்துவிட்டாள். ஆனால் அன்று ஒத்திகை முழுக்கச் சேவல் கூவியது. பாட்டு ஒருமுறைகூட உருளவில்லை.

அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: கடைசி அடிக்குப் பிறகு ஒலி அடங்கும்வரை யாரும் கையை இறக்கக் கூடாது.

"எவ்வளவு நேரம்?" என்றார் முந்த்ரா.

"அது அடங்குற வரைக்கும்."

"கை வலிக்குமேம்மா."

"வலிக்கட்டும்ணே. எனக்கு இருபது வருஷமா காது வலிச்சுது."

போட்டி நாளன்று சட்டைப் பிரச்சினை வந்தது. குழுச் சட்டை எல்லாம் ஆண்கள் அளவு. சரிந்தி ஒரு சட்டையைப் பிரித்து, அதே கருநீலத்தில், அதே பொன் கரையோடு, சுவித்திக்குப் பெண்கள் மேற்சட்டையாகத் தைத்துக் கொடுத்தாள். "கையத் தூக்கி அடிச்சுப் பாரு. கிழிஞ்சா என்னைக் கேக்காத, மெதுவா அடி" என்றாள். மேடையில் பெயர்கள் வாசிக்கப்பட்டபோது "பெண் கோங்: நி லுஹ் சுவித்தி" என்று ஒலிபெருக்கி அவள் முழுப் பெயரைச் சொன்னது. கூட்டத்தில் ஒரு சலசலப்பு. யாரோ ஒருத்தன் விசிலடித்தான். காவான் ஊர்க்காரர்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து, "மைக்செட்டையே கொண்டாந்து மேடையில ஏத்திட்டானுங்கடா!" என்று ஒரு குரல் வந்தது.

முந்த்ரா மத்தளத்தின் பின்னாலிருந்து அந்தப் பக்கம் திரும்பினார். "ஏத்தினோம். உங்க ஊர்ல இருந்தா நீங்களும் ஏத்துங்கடா!" என்றார், மைக் தேவைப்படாத தன் குரலில். பிறகு சுவித்தியைப் பார்த்துத் தலையசைத்தார்.

வெண்கலம் தெறித்தது. இருபத்துச் சொச்சம் கைகள் ஒரே ஆளின் கையாக ஏறி இறங்கின. கெரெப் பெரியப்பாவின் ஆண் கோங் கேட்க, சுவித்தியின் பெண் கோங் பதில் சொல்ல, பாட்டு அந்த இரண்டு தூண்களுக்கு நடுவே ஓடியது. கடைசி அடி விழுந்தது. வழக்கமாக அந்த நொடியில் கைதட்டல் தொடங்கிவிடும். யாரும் தட்டவில்லை, மேடையில் எல்லாருடைய சுத்தியும் காற்றில் நின்றதைப் பார்த்தார்கள். சுவித்தி இடது கையால் அந்த ஒலியைப் பிடித்து, அதன் ஜோடியை இம்மி இறக்கி அதனோடு சேர்த்து, நீட்டிக்கொண்டே போனாள். பின்னறையில் பல வருஷமாகத் தனியாகச் செய்ததை, முதல்முறையாகத் தன் ஊர் ஆண்களின் நடுவில் உட்கார்ந்து செய்தாள். அலை மைதானத்தின் மேல் மெதுவாகப் புரண்டது. தின்பண்டம் விற்பவர்கள்கூட நின்றார்கள். மேடையில் ஒரு கைகூட இறங்கவில்லை. முந்த்ராவின் தோள்பட்டை நடுங்கியதை அவள் பார்த்தாள். பார்த்து, வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் நீட்டினாள்.

மூன்றாம் பரிசு. காவானுக்கு முதல் பரிசு. ஒரு நடுவர் மின்சாரம் கமலானைக் கெடுத்துவிட்டது என்று எழுதியிருந்தார். அந்தத் தாளைப் படித்துவிட்டு முந்த்ரா தன் இடுப்புத் துணியில் மடித்துச் செருகிக்கொண்டார். "அவன் காதுல குறும்பி" என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது.

மழைக்காலம் முடியும் தறுவாயில் புதுப் பெண் கோங் வந்தது. கெரெப் பெரியப்பா அதை அடித்துப் பார்த்துவிட்டு, இளம் குரல், பழக வருஷமாகும் என்றார். வாத்திய நாளன்று அதற்குப் பெரிய பூசை. கூடம் முழுக்க வாத்தியங்களைத் துடைத்து வரிசையாக வைத்துப் பூவும் பழமும் படைத்தார்கள். அடுத்த பாட்டின் ஒத்திகையும் அன்றே. அதில் புதுக் கோங்கும் உண்டு, பழைய கோங்கின் குரலும் உண்டு. அலை மெதுவான பழையதும் அலை இளசான புதியதும் ஜோடியாக. அப்படி ஒரு பாட்டைச் சுவித்திதான் கட்டியிருந்தாள். அவள் காலையிலேயே வந்து தன் இடத்தில் உட்கார்ந்து, ஸ்பீக்கரை நிறுத்தி, ஒயரைக் கூடத்தின் குறுக்கே இழுத்து மாட்டிவிட்டு, லேப்டாப்பில் குனிந்திருந்தாள். பூசையில் அவளுக்கு அக்கறை இல்லை.

முந்த்ரா சமையல் பக்கத்திலிருந்து வந்தார். இரண்டு கையிலும் தாங்கிய தட்டு. அதில் பழக் கோபுரம், அதன் மேல் வறுத்த கோழி, சுற்றிலும் இனிப்புப் பணியாரமும் சிறு பூந்தட்டுகளும். நல்ல பாரம். கோங்குக்கு நேராக நடந்து வந்தவர், சுவித்தியின் ஒயருக்கு முன்னால் நின்றார்.

ஒயர் தரையோடு கிடந்தது. கால் விரலைத் தூக்கினால் தாண்டிவிடலாம். அவர் ஒயர் போகும் வழியைக் கண்ணால் பார்த்தார், எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று. பிறகு திரும்பினார். தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்தை விட்டு வெளியே இறங்கி, வெயிலில் வாசலைச் சுற்றி, தொழுவத்துச் சுவர் ஓரமாக நடந்து, மறுபக்கப் படியேறி, வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். தட்டைப் புதுக் கோங்கின் முன்னால் வைத்தார். அதிலிருந்து ஒரு பூந்தட்டை எடுத்து, சுவித்தியின் ஸ்பீக்கர் முன்னாலும் வைத்தார்.

"ஒயர ஓரமாப் போடக் கூடாதா?" என்றார் மூச்சிரைக்க. "ஊரையே சுத்திக்கிட்டு வர வேண்டியிருக்கு."

சுவித்தி நிமிர்ந்து பார்த்தாள். ஓரமாகப் போட அவளுக்கு அரை நிமிஷம் ஆகாது.

"அது அங்கதாண்ணே இருக்கணும்" என்றாள்.